வாய் எரிச்சலும் ஜவ்வரிசிக் கிச்சடியும்

பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். எழுத உட்கார்ந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயில் எரிச்சலை வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் இன்னும் இருப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

மராட்டிய ஊரான தேஹு ரோட்டில் என் அலுவலகத்தில் மதியம் எல்லா டப்பாக்களையும் மேசை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவோம். போன மழைக்காலத்தில் என் கன்னங்களின் உட்புறம் வலை பின்னியது போல வெள்ளைக் கோடுகள் விழுந்தன. காரம் பட்டால் தீயாய் எரிந்தது. புற்றுநோய்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு, கணவரிடம்கூடச் சொல்லாமல், மதியம் மோரும் வாழைப்பழமுமாக ஓட்டினேன்.

அது சிராவண மாதம். மராட்டியர்கள் பலரும் விரதம் இருக்கும் காலம். நானும் உபவாசம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம். என்னை 'தாயி' என்று அக்கா முறையில் கூப்பிடும் பக்கத்து மேசைக்காரி, எனக்காகவே விரதச் சாப்பாடான ஜவ்வரிசிக் கிச்சடி செய்துவர ஆரம்பித்தாள். வேர்க்கடலையும் பச்சை மிளகாயும் தாராளமாகப் போட்டிருப்பாள். அன்போடு கொடுப்பதை எப்படி மறுப்பது? விழுங்கினேன். ஒருநாள் கண்ணீர் வழிந்துவிட்டது.

"என் கிச்சடி அவ்வளவு மோசமா, தாயி?" என்று இந்தியில் கேட்டாள். நான் வாயைத் திறந்து காட்டினேன். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். சாயங்காலமே ஷேர் ஆட்டோவில் தனக்குத் தெரிந்த பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள்.

அவருக்கும் என்னைப் போல ஐம்பதை ஒட்டிய வயதுதான் இருக்கும். பார்த்ததும் லைக்கன் பிளானஸ் போலிருக்கிறது என்றார். நாள்பட்ட அழற்சி, யாருக்கும் ஒட்டாது, உறுதி செய்யத் துளி சதை எடுத்துச் சோதிக்கலாம் என்றார். எனக்கு மட்டும் ஏன் வந்தது என்று கேட்டேன்.

"உங்களுக்கு மட்டும்னு யார் சொன்னது? நீங்க வர்ற லோக்கல் ரயில்லயே யாருக்காவது இருக்கும். நம்ம வயசுப் பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். எரிச்சல் இல்லேன்னா இருக்கறதே தெரியாது."

எடுத்த சதையின் சோதனை முடிவு அடுத்த வாரம் வந்தது. புற்றுநோய் இல்லை. முழுதாகப் போகாது, அவ்வப்போது வந்து காட்ட வேண்டும் என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது ரயிலில் எதிரே இருந்த பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவர்களில் யாரோ ஒருத்தி என்னைப் போல. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் மூச்சு சீராக வந்தது.

மறுநாள் மதியம் மேசையில் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். அப்படியானால் இத்தனை நாள் விரதப் புண்ணியம் யார் கணக்கில் என்று ஒருவர் கேட்டார். "கிச்சடி கிளறினவ கணக்குல" என்றாள் பக்கத்து மேசைக்காரி. நான் சிரித்தேன். சிரித்தபோதும் எரிந்தது. ஆனால் பயமில்லை.

அதற்கடுத்த நாள் மிளகாய் போடாமல் கிச்சடி கொண்டுவந்தாள். உப்பு கொஞ்சம் குறைவு. எல்லோரும் சாப்பிட்டோம்.