கழுத்தில் வைத்த கை

தாமிரபரணிக் கரையில் ஒரு நூல் ஆலையில் நான் மேஸ்திரியாக இருந்தேன். இயந்திர இரைச்சலில் பேச்சு கேட்காது, எல்லாம் சைகைதான். இயந்திரத்தை ஓட்டும் தோல்பட்டை அறுந்தால் கழுத்தில் கை வைத்து எச்சரிப்பார்கள். நான் உள்ளே நுழைந்தாலும் அதே சைகை! அது தெரிந்த நாள்முதல், கழுத்தில் கை வைத்தவனையெல்லாம் அறைந்தேன்.

ஒருநாள் சுடலை என்ற தொழிலாளி என்னைப் பார்த்துக் கழுத்தில் கை வைத்தான். அடிக்கப் பாய்ந்தேன். அவனோ என்னைப் பிடித்து இழுத்தான். நான் நின்றிருந்த இடத்தில் அறுந்த பட்டை சாட்டையாய் விழுந்தது.

இயந்திரம் நின்றதும் கேட்டேன். “ஏம்லே என்னைக் காப்பாத்துன?”

“உமக்காவ இல்ல வே. நீரு செத்தா ரத்தத்த நாங்கதான கழுவணும்?”

அன்றோடு அடிப்பதை விட்டேன். அவர்கள் பட்டைக்கு வேறு சைகை வைத்துக்கொண்டார்கள். நான் வேலையை விட்டுப் போகும்வரை, கழுத்து எனக்கு மட்டும்தான்.