எண்பதாவது வயதில் வரப்போகும் பதில்

இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் எங்கள் தொழிலில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. கருத்தரங்கில், அணுவைவிடச் சிறிய துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் அடுத்த மோதுபொறி எந்த ஆண்டு ஓட ஆரம்பிக்கும் என்கிற படம் திரையில் வந்ததும் அரங்கமே அமைதியாகிவிடும். ஆளாளுக்கு அந்த ஆண்டிலிருந்து தன் பிறந்த ஆண்டைக் கழித்துக்கொண்டிருப்போம். போன மாதம் அடையாற்றில் நடந்த கூட்டத்தில் நானும் கழித்தேன். எல்லாம் சொன்னபடி நடந்தால் எனக்கு அப்போது எண்பது. இந்தத் துறையில் எதுதான் சொன்னபடி நடந்திருக்கிறது?

நான் காத்திருப்பது ஒரே ஒரு கேள்விக்காக. அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் துகள் ஒன்று உண்டு. அதன் நிறை ஏன் இவ்வளவு குறைவு? கணக்குப்படி, இரண்டு பிரம்மாண்டமான எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இத்துனூண்டு மிச்சம் வைத்திருக்க வேண்டும். தி.நகரில் சம்பந்தமே இல்லாத இரண்டு ஜவுளிக்கடைகளுக்கு ஆடி மாதம் முழுக்க வந்த கூட்டத்தை எண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு ஆள்தான் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தற்செயல் என்று விட்டுவிட மனம் வராது. பின்னால் ஏதோ காரணம் இருந்தாக வேண்டும் என்கிற அந்த நம்பிக்கைக்குத்தான் இயல்புத்தன்மை என்று பெயர். அந்தக் காரணம் புதிய துகள்களாக வெளியே வரும் என்று இளம் வயதில் அடித்துச் சொன்னவன் நான். இப்போதுள்ள பொறியில் ஒன்றும் வரவில்லை. நான் நம்பியது சரியா, வெறும் பிடிவாதமா என்பதை இனி அடுத்த பொறிதான் சொல்ல வேண்டும். தெரிந்துகொள்ளாமலே போய்விடுவேனோ என்று ஏக்கமாக இருக்கிறது.

அதனால்தான் சர்க்கரைக்குப் பார்க்கும் ராயப்பேட்டை மருத்துவரிடம், எண்பது வரை தாங்குவேனா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பேரன் கல்யாணத்தைப் பார்ப்பேனா என்று கேட்டவர்கள் உண்டாம், மெஷினைப் பார்ப்பேனா என்று கேட்ட ஆள் நான்தானாம். தினமும் ஒழுங்காக நடந்தால் வாய்ப்பு இருக்கிறது என்றார்.

மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். முப்பது வருடமாக என் கணக்கு ஏதாவது சரிவந்தால் அதை முதலில் காதுகொடுத்துக் கேட்பவள் அவள்தான். இயற்பியல் படித்தவளில்லை. ஆனால் எனக்கே நம்பிக்கையில்லாமல் நான் எதையாவது சொன்னால், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்.

"நான் இருப்பேனான்னு கேட்டேளா?"

கேட்கவில்லை. என் பிறந்த ஆண்டைக் கழித்திருக்கிறேன். உடன் வேலை செய்பவர்களின் பிறந்த ஆண்டைக்கூடக் கழித்துப் பார்த்திருக்கிறேன். போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த இவளுடைய பிறந்த ஆண்டை ஒருமுறைகூடக் கழித்ததில்லை. பதில் வருகிற அன்று வீட்டில் இவள் இல்லையென்றால், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?