நகரவே இல்லை என்று சொன்னவள்

அல்வினா ஊன்ரூ பதினெட்டு வருஷம் அந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஓக்லஹோமாவின் மேற்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில், ஐந்நூறு பேர் உள்ள ஊர். பாங்குக்கு மேல் மாடியில் ஓர் அறை, இணைப்புக் கயிறுகள் தொங்கும் பலகை, தென்மேற்கைப் பார்த்த ஒரே ஜன்னல். யார் யாரோடு பேசினாலும் அவள் கை வழியாகத்தான் பேச வேண்டும். எந்த வீட்டில் என்ன சண்டை என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒரு வார்த்தை வெளியே விடமாட்டாள். அதனாலேயே ஊர் அவளை நம்பியது.

சுழற்காற்று வந்தால் அவள்தான் பொதுமணி அடிப்பாள். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் நீளமாக ஒலிக்கும். கேட்டவர்கள் போட்டது போட்டபடி நிலவறைக்கு ஓட வேண்டும். ஊரார் அதைப் பயந்தாங்கொள்ளிக் குழி என்பார்கள். கேலி செய்துகொண்டேதான் இறங்குவார்கள்.

1954 மே மாதம். அதற்கு முந்தின பதினைந்து நாளில் இரண்டு முறை மணி அடித்து, இரண்டு முறையும் ஒன்றும் வரவில்லை. "அல்வினா, இன்னொரு வாட்டி பால் பாதி கறக்கையில என்னை ஓட வெச்சே, மாட்டை உன் மாடியில கொண்டாந்து கட்டிருவேன்" என்று மேயர் டெல்பர்ட் போனில் கத்தியிருந்தார்.

அன்று காலையிலிருந்தே தெற்கிலிருந்து பிசுபிசுத்த காற்று. மத்தியானம் மேற்கிலிருந்து வறண்ட காற்று வந்து அதோடு மோதியது. மேகம் கோட்டையாக எழும்பிற்று. ஆலங்கட்டி பெய்து நின்றது. பிறகு மேகத்தின் அடிவயிறு ஓரிடத்தில் மட்டும் தாழ்ந்து மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. அதிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்று இறங்கித் தரையைத் தொட்டது.

அந்த நேரத்தில்தான் ஐடா கூப்பிட்டாள். அல்வினாவின் பள்ளிக்கூடத்துத் தோழி. ஊருக்கு மூன்று மைல் தென்மேற்கே அவளும் புருஷன் ரூபனும் இருந்த பண்ணை.

"அல்வினா, உன் ஜன்னல்ல என்னடி தெரியுது? இங்க மேற்கால மரம் மறைக்குது. ரூபன் கால் இன்னும் மாவுக்கட்டுலதான் இருக்கு. குழியில இறக்கணும்னா மனுஷன் உயிர் போற மாதிரி கத்துவாரு. நெசமா வருதா?"

அல்வினா எட்டிப் பார்த்தாள். தானியக் கோபுரத்துக்கு இடப்பக்கம், ஒரு விரற்கடை தள்ளி நின்றது. இருபது எண்ணினாள். அதே விரற்கடை.

"நகரவே இல்லடி. குத்துக்கல்லாட்டம் நிக்குது. அந்த மனுஷனைப் போட்டு இழுக்காதே. அடுப்புல ரொட்டி இருந்தா அதைப் பாரு."

"கருகிச்சுன்னா உன் தலையிலதான் கட்டுவேன்" என்று சிரித்துவிட்டு ஐடா வைத்தாள்.

ஒரு நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தாள். இடம் மாறவில்லை. ஆனால் விரல் கனம் இருந்தது உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது. இடமும் போகாமல் வலமும் போகாமல் பெருத்துக்கொண்டே இருக்கிற சுழல், பார்க்கிறவளை நோக்கி நேரே வருகிறது. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐடா வீட்டுத் துளையில் கயிற்றைச் செருகினாள். கம்பி செத்துக் கிடந்தது.

பிறகு அடித்தாள், பொதுமணியை. ஜன்னல் கண்ணாடி நொறுங்கி மடியில் விழும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. நாற்பது கூரைகள் போயின. ஊருக்குள் ஓர் உயிர் போகவில்லை. ஐடாவைக் கை ஒடிந்த நிலையில் வேலியோரம் கண்டெடுத்தார்கள். ரூபனின் உடலை மறுநாள் கண்டெடுத்தார்கள்.

ஊர் அல்வினாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஒவ்வொரு பாராட்டும் அவளுக்கு நெஞ்சில் முள்ளாக இறங்கியது. ஐடா ஊருக்குள் குடிவந்தாள், வழியில் பார்த்தால் தலையசைத்தாள், அதோடு சரி. கேவலமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: ஐடா யாருக்குப் போன் செய்தாலும் அல்வினா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டாள். இன்றைக்குச் சொல்லிவிடுவாளோ என்று எட்டு வருஷம் கேட்டாள். ஐடா சொல்லவே இல்லை.

1962இல் தானாக இணைக்கும் மெஷின் வந்தது. எக்ஸ்சேஞ்சை மூடுகிற நாளில் தேவாலயக் கூடத்தில் அல்வினாவுக்கு விருந்து. ஐடாவும் வந்திருந்தாள். சமையலறையில் இருவரும் தனியாக மாட்டிக்கொண்டார்கள்.

"ஐடா, அன்னிக்கு நான் சொன்னது..."

"தெரியும். கேட்டது நான்தானே?"

"ஏண்டி யார்கிட்டயும் சொல்லல?"

ஐடா தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சொல்லியிருந்தா அடுத்த வாட்டி நீ மணி அடிக்கிறப்ப ஒருத்தரும் ஓடியிருக்க மாட்டாங்க. குழந்தை குட்டி இருக்கிற ஊரு. உனக்காக இல்ல. மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதே." தட்டை அடுக்கில் வைத்தாள். "நாளையிலேருந்து உன் மணி கிடையாதுல்ல?"

கூடத்தில் டெல்பர்ட் ஒரு சுவர்க் கடிகாரத்தை அவள் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அல்வினா கடிகாரத்தை மேஜையில் வைத்தாள்.

"இது எனக்கு வேணாம். அன்னிக்கு மணி அடிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தி எங்கிட்ட கேட்டா, காத்து வருதான்னு. நகரலன்னு சொன்னேன். நேரா வர்றது நிக்கிற மாதிரிதான் தெரியும். எனக்கு அது தெரியல. தெரியலன்னாவது சொல்லியிருக்கலாம். பெரிய இவளாட்டம் ரொட்டியைப் பாருன்னேன். அதனால ஒரு மனுஷன் படுக்கையிலேயே..."

"விடும்மா, அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றார் டெல்பர்ட்.

பின்வரிசையிலிருந்து ஐடா எழுந்து நின்றாள்.

"பேரைச் சொல்லு."

அல்வினா பின்வரிசையைப் பார்த்தாள். ஆயிரம் முறை அந்தப் பெயருக்கு இணைப்புக் கொடுத்தவள், அந்த மே மாதத்துக்குப் பிறகு ஒருமுறைகூட அதை உச்சரித்ததில்லை.

"ரூபன்" என்றாள். "ரூபன் கோன்."