பத்தொன்பது கிலோ நானூறு

நார்த்தாமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் பிரகதீஸ்வரிக்குக் கடவுள் நம்பிக்கை சுமாராக உண்டு. கண்ணேறில் முழு நம்பிக்கை உண்டு. மகன் சூர்யபிரகாஷுக்கு மூன்றரை வயது. ஐந்து என்றாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவன் எடையை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. கேட்டால், “எங்க, ஒண்ணுமே திங்கிறதில்ல, எலும்பா இருக்கான்” என்பாள். அந்த எலும்பைத் தினமும் பால்வாடிக்குச் சுமந்ததில் இவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

பிள்ளை வண்டி வாங்க அது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மைக் காரணம் அதே வளவில், பொது முற்றத்துக்கு எதிர் வாசலில் நின்றது. ஓரகத்தி ராஜலட்சுமியின் இரண்டு வயது மகளுக்குச் சிங்கப்பூரிலிருந்து தாய்மாமன் அனுப்பிய ரோஸ் நிற வண்டி. சக்கரங்கள் வடை அளவு. தாருக்காக இரண்டு வருடமாகக் காத்திருக்கும் ஜல்லித் தெருவில் அது பத்தடி நகராது. ஓடாத வண்டியைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட முடியுமா? பிரகதீஸ்வரி எட்டு மாதம் விடாமல் பட்டாள். அதே தெருவில் ஓடுகிற வண்டியாக ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனால்தான் மனசு ஆறும்.

புதுக்கோட்டைக் கடைக்கு ராஜலட்சுமியையும் கூட்டிப்போனாள். பக்கத்தில் நின்று பொருமுவதற்கு ஆளில்லாமல் ஒரு பொருளை வாங்கி என்ன பயன்? பையனைப் பால்வாடியில் விட்டுவிட்டாள். கடையில் நாலு கண் பட வேண்டாம்.

கடையிலிருந்த ஷர்லி என்ற பெண், “பையன் எத்தனை கிலோக்கா?” என்றாள்.

பிரகதீஸ்வரி ஓரகத்தியைப் பார்த்தாள். “பதிமூணு இருக்கும்.”

“அப்ப இது போதும். பதினஞ்சு வரைக்கும் தாங்கும்.”

பிரகதீஸ்வரி இரண்டு கையாலும் இருக்கையை அழுத்தினாள். சட்டம் முனகியது. மூலையில் இன்னொன்று நின்றது. தடித்த குழாய், காற்றடைத்த மூன்று சக்கரம், காலால் மிதிக்கும் பிரேக், அகலமான இருக்கை. வெளியே தள்ளிப்போய், சாலையோரம் உடைந்த இடத்தில் ஏற்றிப் பார்த்தாள். சலனமில்லாமல் ஏறி இறங்கியது.

“அது இருவத்தஞ்சு கிலோ தாங்கும்க்கா, பெரிய பிள்ளைகளுக்கு. ஒங்க பையனுக்கு எதுக்கு?”

பெரியதைக் கேட்டால் எடையை ஒப்புக்கொண்டதாகும். சிறியதை எடுத்தால் ஜல்லியில் ஒரு வாரம் தாங்காது. வளவில் ஓடாத வண்டி இரண்டாகும். கண்ணேறுதான் வென்றது. “சரி, சின்னதயே பில் போடுங்க.”

“பத்தொம்பது கிலோ நானூறு” என்றாள் ராஜலட்சுமி, கிலுகிலுப்பைகளைப் பார்த்தபடியே. “போன மாசம் பால்வாடி அட்டையில பாத்தேன். இதுல ஒக்கார வச்சா முக்குத் திரும்புறதுக்குள்ள முறிஞ்சிரும். பெருசப் போடும்மா.”

பிரகதீஸ்வரிக்கு முகம் சிவந்தது. “ஒம் மக என்னவாம்? ஒம்பது கிலோ எறநூறு. சத்துமாவு அவளுக்குக் கரைக்கிறியா, இல்ல நீ குடிக்கிறியா?”

தராசுகூட முன்பின் காட்டும். பொறாமை கிராம் பிசகாது. ஷர்லி பெரியதற்குப் பில் போட்டாள்.

அன்று சாயங்காலம் பையனை உட்கார வைத்து வளவுக்குள்ளும் தெருவிலுமாக ஆறு நடை தள்ளினாள். வண்டி ஜல்லியை மதிக்கவில்லை. ராஜலட்சுமி வாசலில் நின்று ஆறு நடையையும் பார்த்தாள். எட்டு மாதக் கடுப்பு ஆறிக்கொண்டிருந்தபோது பையன் தும்மினான். இரண்டு தும்மல்.

விளக்கு வைத்ததும் உப்பும் மிளகாயும் எடுத்தாள். கண் வைத்தவளின் காலடி மண்ணையும் சேர்த்துச் சுற்றினால்தான் கழியும். குனிந்து வளவெல்லாம் தேடினாள். ராஜலட்சுமியின் காலடி ஒன்றுகூட இல்லை. தடித்த சக்கரங்கள் ஆறு நடையில் எல்லாவற்றையும் அழித்திருந்தன.

வேறு வழியில்லை. “ராஜி, சும்மா இங்கிட்டு வந்துட்டுப் போ.”

ராஜலட்சுமிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வந்தாள், நின்றாள், திரும்பினாள்.

“நல்லா அழுத்தி மிதிச்சிருக்கேங்க்கா, எடுத்துக்கங்க. அப்படியே நீங்களும் எங்க வாசப் பக்கம் ஒரு நட வந்துட்டுப் போங்க. கடையில எம் பிள்ளை கிலோவச் சொன்னீங்கல்ல, அவளுக்கும் சுத்தணும்.”

பிரகதீஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள்.