மரியதாஸ் அண்ணையின் இழுவைக் கப்பல்

மரியதாஸ் அண்ணை இறந்துபோய்விட்டார் என்ற செய்தியை, சாவகச்சேரிச் சந்தையில் எங்கள் ஊரான குருநகர் ஆள் ஒருவர் என் சைக்கிளை மறித்துச் சொன்னார். சண்டையால் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடமொன்றில் தங்கியிருந்தவருக்குக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டதாம். ஊரைவிட்டு வரும்போது மாற்றுச் சட்டையை மறந்த மனிதர், கப்பல் பிளான் சுருளை மட்டும் மறக்கவில்லையாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

படகுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் படம் வரைந்தவன் நான். ஒரு நூல் பிசகினாலும் விடமாட்டார். "கோடு போட்டபடி செய், இல்லையெண்டால் வீட்டை போ" என்பார். மேலாளருக்கும் அதே பேச்சுத்தான். அவரோடு வேலை செய்த நீங்கள் எல்லோரும் ஒருமுறையாவது அவரைத் திட்டியிருப்பீர்கள். நான் கிழமைக்கு இரண்டு முறை.

அவருடைய இளவயதில் தமையனின் வள்ளம் புயலில் அகப்பட்டு மூன்று நாள் அலைந்தது. வெள்ளைக்காரக் கடற்படையின் மீட்பு இழுவைக் கப்பல் ஒன்று அதைக் கட்டியிழுத்துத் திருகோணமலையில் சேர்த்தது. அந்தக் கப்பலைச் சிறிதாகச் செய்து எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் கூரையில் தொங்கக் கட்டுவதாக அண்ணை நேர்ந்துகொண்டார். பல வருடம் கழித்து இலண்டனிலிருந்து தபாலில் பிளானை வரவழைத்து, நாற்பத்தெட்டில் ஒன்று அளவில் செய்து முடித்தார். அதற்குள் எங்கள் கடலில் இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிச் சூடு தொடங்கிவிட்டது. பிளானில் முன்தளத்தில் ஒரு பீரங்கி இருந்தது. அதையும் பித்தளையில் கடைந்து பூட்டியிருந்தார்.

கோயில் திருநாளுக்கு முந்தின கிழமை எங்கள் ஊர்ச் செசிலியா அக்கா கப்பலைப் பார்க்க வந்தார். மீன்பிடித் தொழிலுக்குப் போன அவரது கணவர் கடலில் கடற்படையின் சூடுபட்டு இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை.

"ஆளைக் கரை சேர்த்த கப்பல் கோயிலிலை இருக்கட்டும் அண்ணை. உந்தப் பீரங்கிக்குக் கீழை நிண்டு என்னாலை செபிக்க ஏலாது."

"பிளானிலை கிடக்குது பிள்ளை" என்றார் அண்ணை.

அக்கா திரும்பிப் போனார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அண்ணைக்கு முகம் கொடுக்கவில்லை. நேர்த்திக்கடனில் ஒன்று குறைந்தாலும் தமையன் உயிருக்காகக் கொடுத்த வாக்குப் பிழைத்துவிடும் என்று அவர் பயந்தது பிறகுதான் விளங்கியது.

மூன்றாம் நாள் பீரங்கியைக் கழற்றி என் மேசையில் வைத்தார். நேர்த்திக் கப்பலைக் கோயிலில் கட்டுமுன் கடலில் மிதக்கவிடுவது எங்கள் வழக்கம். பீரங்கியின் பாரம் போனதால் கப்பல் முன்பக்கம் தூக்கிப் பின்பக்கம் அமிழ்ந்தது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணை இடுப்பளவு தண்ணீரில் அதைப் பிடித்தபடி நின்றார். அவர் அப்படி விழித்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. செசிலியா அக்கா வீட்டுக்கு ஓடிப்போய், கணவரின் வலையிலிருந்த ஈயக் குண்டுகளை அறுத்துக்கொண்டு வந்து, போட்டுப் பார்க்கச் சொன்னார். முன்தளத்தின் கீழ் ஏழாவது குண்டை வைத்ததும் கப்பல் நேராக மிதந்தது.

அந்தப் பீரங்கி இன்னும் ஒரு தகரப் பெட்டிக்குள் என்னிடம் இருக்கிறது. அடக்கம் முடிந்தபின் அண்ணையின் மனைவி பிளானையும் என்னிடம் தந்தார். விரித்துப் பார்த்தேன். பீரங்கி இருந்த இடத்தைப் பிளேட்டால் சுரண்டிவிட்டு, அங்கே ஏழு சிறு வட்டங்கள் வரைந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அச்சுப்போன்ற எழுத்து: "ஈயம், ஏழு. செசிலியாவின் கணவர் வலையிலிருந்து. மாற்றக் கூடாது."