கோளாம்பி திரும்பிய பக்கம்

ஞாயிறு மாலை ஐந்து நாற்பது. கடைத்தெரு முக்கில் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஏணி. ஏணியின் உச்சியில் மைக் செட் காதர். அவர் கையில் குழாய் ஒலிபெருக்கி.

மட்டாஞ்சேரியில் அதற்குக் கோளாம்பி என்று பெயர். வெற்றிலை எச்சில் துப்பும் படிக்கத்தைப் போல வாய் அகன்று இருப்பதால். கூட்டம் என்றால் காதர் எப்போதும் இரண்டு கட்டுவார் — ஒன்று கடைத்தெருவைப் பார்த்து, இன்னொன்று படகுத்துறையைப் பார்த்து. அன்று இரண்டாவதை அவிழ்த்து, பக்கத்தில் இருந்த குறுகலான சந்துக்குள் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்தில் சில வீடுகளும் ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டுமே உண்டு. அங்கே யார் நின்று பேச்சுக் கேட்கப் போகிறார்கள்?

"எதுக்கு காதரிக்கா, இந்தப் பக்கம்?"

"கேக்க வேண்டிய ஆள் அவிடெயல்லோ சாரே!" குனிந்து பார்க்காமலே சொன்னார். "கிளப் செக்ரட்டரியோட ஆர்டர். அந்தோணிக்கு நல்லா கேக்கணுமாம்."

அந்தோணி கம்பவுண்டர். சந்தில் மூன்றாவது வீடு. முக்கில் உள்ள கிளினிக்கில் கால் நூற்றாண்டாக ஊசி போடுகிறவர். எனக்கும் போட்டிருக்கிறார். ஊசியை உருவிய பிறகு, சின்னக் குழந்தையோ கிழவரோ, எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "வேதனிச்சோ?" வலிக்கவில்லை என்று சொன்னால் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அன்றைய கூட்டம் அவரைப் பற்றியது. நோட்டீஸில் மட்டும் முருகேசன் பெயர் இருந்தது.

முருகேசனை உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று மாதம் முன்பு இதே பக்கத்தில் எழுதினேன் — மிளகு கிடங்கில் மூட்டை சுமக்கும் சுடலைமுத்துவின் மகன், பளு தூக்கும் தேசியப் போட்டியில் முதலாவதாக வந்தவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மூட்டை தூக்கிய குடும்பத்தில், மூட்டை தூக்காமல் இரும்பு தூக்கிப் பதக்கம் வாங்கிய முதல் ஆள். திறந்த ஜீப்பில் ஊர்வலம் விட்டார்கள். மலையாளி, தமிழன், குஜராத்தி சேட் எல்லோரும் 'நம்முடெ முருகேசன்' என்றார்கள். அன்று கட்டிய காகிதத் தோரணத்தில் பாதி, காதர் ஏணி சாத்திய அதே கம்பத்தில் இன்னும் தொங்குகிறது. மழையில் சாயம் போய்விட்டது.

பிறகு அந்தச் செய்தி வந்தது. மூத்திரப் பரிசோதனை என்ற சமாச்சாரம் நம் ஊர் விளையாட்டுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பிய சாம்பிளில் ஊக்க மருந்து. பதக்கம் பறிப்பு. இரண்டு வருடத் தடை. விளையாட்டு வீரர் ஒதுக்கீட்டில் கிடைப்பதாக இருந்த அரசாங்க வேலையும் நிறுத்தி வைப்பு.

ஊர் என்ன செய்தது?

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயாக்கடையில் ஆரம்பித்தது. டில்லிக்காரர்களின் சதி என்றார் ஒருவர். இருமல் மருந்தில் கலந்திருக்கும் என்றார் இன்னொருவர். முடிவெட்டும் கடையில் ஒரு பெரியவர், பையன் குடித்த ஆயுர்வேத அரிஷ்டத்தை வெள்ளைக்கார மெஷினுக்குப் புரியவில்லை என்றார். எல்லோரும் சிரித்தோம்... ஆனால் அவர் சிரிக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அத்தனை பேருக்கும் ஒரே கருத்து. முருகேசனுக்கு ஒன்றும் தெரியாது.

அப்படியானால் யாருக்குத் தெரியும்? அப்போதுதான் யாரோ ஒருவருக்கு ஞாபகம் வந்தது — செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் முருகேசன் கிளினிக்கில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். டில்லிக்காரர்கள் தப்பினார்கள். அரிஷ்டம் தப்பியது.

அந்தோணியிடம் ஊசி போட்டுக்கொள்ள ஆட்கள் வருவது நின்றது. வீட்டுக் கதவில் 'சதியன்', அதாவது துரோகி, என்று கரியால் எழுதினார்கள். கிளினிக் டாக்டர் நல்லவர், கோபப்படவில்லை. "இதெல்லாம் அடங்கட்டும், கொஞ்சம் வீட்டிலிருங்கள்" என்றார். எப்போது அடங்கும் என்று சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் வேறு கம்பவுண்டரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். கதவில் இருந்த எழுத்தை அவர் மனைவி சவுக்காரம் போட்டுத் தேய்த்திருந்தார். எழுத்து போய்விட்டது. தேய்த்த இடம் மற்ற இடத்தைவிட வெளுப்பாக, அதே எழுத்தின் நீளத்துக்கு இருந்தது.

"மருந்து அவன் கொண்டு வந்ததாணு சாரே," என்றார் அந்தோணி. "வைட்டமின்னு சொன்னான். டாக்டர் சீட்டு கேட்டேன். 'அடுத்த தடவை தர்றேன் சேட்டா'ன்னான். நானும் குத்தினேன். சீட்டு இல்லாதெ குத்தினது என்டெ தப்பு. அத்ரயே உள்ளூ."

"இதை வெளியே சொல்லலாமே?"

"நான் சொன்னா ஆரு விசுவசிக்கும்? அவன் சொல்லணும்."

"சொல்வானா?"

"சின்னதில ஊசின்னா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவான் சாரே. சுடலைமுத்து காலைப் பிடிச்சு இழுப்பாரு, நான் கையைப் பிடிப்பேன்." சிரித்தார். "இப்போ அவனை இழுக்க ஆளில்லை."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "இப்போ இழுக்கணும்னா கிரேன் வேணம்!"

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பற்றி அந்த வீட்டுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆட்டோரிக்‌ஷாவில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்களே.

அதன் பெயர் விசதீகரண யோகம். தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: விளக்கப் பொதுக்கூட்டம். கேரளத்தில் யார் மீது என்ன புகார் வந்தாலும் முக்கில் மேடை போட்டு விளக்கிவிடுவார்கள். மறுநாள் எதிராளி அதே இடத்தில் மேடை போட்டு, அந்த விளக்கத்தை விளக்குவார். கட்சிகளுக்கு உள்ள வழக்கம். ஒரு பளு தூக்கும் வீரனின் மூத்திரத்துக்காக விளக்கக் கூட்டம் நடந்தது இதுவே முதல் தடவையாக இருக்கும்.

நடத்தியது முருகேசனின் கிளப். மட்டாஞ்சேரியில் எடை இரும்பும் பாரும் உள்ள ஒரே இடம் அதுதான். விடியற்காலையில் அவன் போய்த் திறப்பான் என்பதால் சாவி அவனிடமே இருக்கும். செக்ரட்டரி பாஸ்கரன் திட்டத்தை ஒளிக்கவில்லை, என்னிடமே சொன்னார். வீரனுக்குத் தெரியாமல் மருந்து ஏற்றப்பட்டது என்று ஆனால் தடை குறையும், வேலையும் தப்பும் என்று ஒரு வக்கீல் சொல்லியிருக்கிறார். அதற்கு முருகேசன் பொதுமேடையில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எனக்கு ஒன்றும் தெரியாது — அவ்வளவுதான்.

"சொல்லாவிட்டால்?"

"பின்னெ கிளப்புக்கு அவனை வேண்டா. சாவி திரிச்சுத் தரட்டும்."

ஆறரைக்குத் தொடங்கியது. ஊர்வலத்துக்கு வந்த அளவுக்குக் கூட்டம். மேடையில் ட்யூப் லைட், ஐந்து நாற்காலி, மேசை மேல் ஒரு ரோஜா மாலை. முருகேசன் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது.

வார்டு கவுன்சிலர் பேசினார். வக்கீல் பேசினார். பாஸ்கரன் பேசும்போது குரல் தழுதழுத்தது — "ஒரு பாவம் சுமட்டுத் தொழிலாளியுடெ மகனை, கூட நின்னவன் சதிச்சு!" கைதட்டல். ஒவ்வொரு வாக்கியமும் சந்துக்குள் போய் அடித்துத் திரும்பியது. அந்தோணி வீட்டில் விளக்கு எரிந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. அந்தக் கோளாம்பிக்கு ஜன்னல் எல்லாம் ஒரு பொருட்டா?

மேடைக்குக் கீழே, என் பக்கத்தில் சுடலைமுத்து. தோளில் துண்டு. இடது கையில் புதிதாக ஒரு கீறல்; மூட்டைக் கொக்கி கிழித்தது.

"அண்ணாச்சி, கையிலே என்ன?"

"அது கெடக்கட்டும் சார். இவன் அந்த ஒத்த வார்த்தையைச் சொல்லிட்டு எறங்கிட்டான்னா போதும்." மேடைப் பக்கம் எட்டி மெதுவாகக் கூப்பிட்டார். "ஏலே முருகேசா! சீக்கிரம் சொல்லிட்டு வாலே!"

அவன் அப்பாவைப் பார்த்தான். தலையாட்டவில்லை.

பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து மைக்கின் முன்னால் வந்து நின்றான். முதலில் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூலில் இருந்த காதரைப் பார்த்தான்.

"காதரிக்கா... அந்தச் சந்துக் கோளாம்பி வேலை செய்யுதா?"

காதர் கட்டைவிரலை உயர்த்தினார். கூட்டம் சிரித்தது. பாஸ்கரனும் சிரித்தார்.

முருகேசன் மலையாளத்தில் பேசினான். நான் எழுதிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன்.

"மருந்து நான் வாங்கினது. பம்பாயில் கேம்ப் நடந்தபோது வாங்கினேன். அது என்ன மருந்து, எதுக்குப் போடுறாங்க, எல்லாம் தெரிஞ்சுதான் வாங்கினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலை. மத்தவங்க போடுறாங்க, நானும் போட்டால்தான் ஜெயிக்கலாம்னு நினைச்சேன். அந்தோணிச் சேட்டன்கிட்ட வைட்டமின்னு பொய் சொன்னேன். அவர் நம்பினார். சேட்டா, உங்களுக்குக் கேக்குதான்னு எனக்குத் தெரியலை. சதிச்சது நான்தான்."

பாஸ்கரன் இரண்டாவது வாக்கியத்திலேயே எழுந்துவிட்டார். காதரைப் பார்த்துக் கழுத்தை அறுப்பது போலச் சைகை காட்டினார் — ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு. காதர் தோள் துண்டை எடுத்து ஆம்ப்ளிஃபயரின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார். பேச்சு முடிகிறவரைக்கும் துடைத்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மருந்து போட்டவன் என்று செய்தி வந்தபோது இந்தத் தெருவில் ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை. இப்போது திட்டினார்கள். "எறங்கெடா!" என்று ஒரு குரல். மேடை மேல் ஒரு செருப்பு வந்து விழுந்தது. ஜீப்பில் இவன் பக்கத்தில் நின்று கையாட்டிய ஒருவர், கிட்டத்தட்ட அழுகிற குரலில் கேட்டார்: "இது நீ பறயாதெ இருந்தா எந்தாடா?"

சொல்லாமல் இருந்தால் என்ன? நியாயமான கேள்விதான். மாலை வாங்கியாகிவிட்டது. வில்லன் தயார். ஏமாற்றியவனை மன்னிக்க ஊர் ஆயத்தமாக வந்திருந்தது. ஒரே நிபந்தனை — அவன் இன்னொரு தடவை ஏமாற்ற வேண்டும்.

முருகேசன் பேன்ட் பையிலிருந்து கிளப் சாவியை எடுத்தான். ரோஜா மாலைக்குப் பக்கத்தில் வைத்தான். விழுந்து கிடந்த செருப்பை எடுத்து, மேடை ஓரத்தில், உரியவர் எடுத்துக்கொள்ள வசதியாக வைத்துவிட்டு இறங்கினான். யாரும் அவனைத் தொடவில்லை. தொடுகிற உடம்பும் அல்ல.

சுடலைமுத்து மகனோடு பேசவில்லை. என்னிடம்தான் சொன்னார். "வேலை போச்சு சார். இனி இவனும் என்கூட மூட்டைக்கு வர வேண்டியதுதான்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மகன் போன திசைக்கு எதிர்த் திசையில் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு காதரிடம் கேட்டேன். "செக்ரட்டரி அவ்வளவு சைகை காட்டினாரே, ஏன் ஆஃப் பண்ணலை?"

"விசதீகரண யோகம்னல்லோ சாரே நோட்டீஸ்?" ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "ஆகெ ஒரே ஒருத்தன்தான் விசதீகரிச்சான். அவனைப் போய் எங்ஙனெ ஆஃப் ஆக்கும்?"

மறுநாள் சாயாக்கடையில் முருகேசனைப் பற்றிப் பேச்சே இல்லை. புதிதாகக் கலர் டி.வி. வாங்கியவர் வீட்டில் படம் தெளிவாக விழுகிறதா என்பதைப் பற்றிப் பேசினார்கள். டாக்டர் மட்டும் அந்தோணியைக் கூப்பிட ஆளனுப்பியதாகக் கேள்வி.

செவ்வாய் காலை படகுக்குப் போகும் வழியில் கிளினிக்கைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. ஸ்டவ்வில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. அந்தோணி வெள்ளைக் கோட்டில் நின்றிருந்தார். பெஞ்சில் ஒரே ஒருவர்தான். இடது கையில், கொக்கி கிழித்த இடத்துக்கு மேலே, சுடலைமுத்து சட்டையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.