தலையில் அடித்துக்கொண்ட மணப்பெண்

மூன்று வருசத்துக்கு முன் ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், என் தலையில் இன்னொருத்தியின் முடி இருந்தது. கிளிப்பால் குத்தி வைத்ததல்ல. ஊசியும் நூலும் கொண்டு தைத்த முடி. அந்த ஏழு கிழமையில் நான் அடைந்த சந்தோசமும், அடித்த கூத்தும், என் கலியாணத்தையே நான் குழப்பப் பார்த்த விதமும் நினைப்பில் வந்தால், அலுவலகத்தில் கோப்புக்கு மேல் குனிந்துகொண்டு தனியே சிரிக்கிறேன். பக்கத்து மேசை அக்கா எனக்கு விசர் என்று முடிவே கட்டிவிட்டார்.

எனக்குப் பிறவியிலேயே சுருட்டை. கொஞ்ச நஞ்சச் சுருட்டையல்ல. சீப்பைப் போட்டால் சீப்பின் பல்லுத்தான் உடையும். பள்ளிக்கூடக் காலத்தில் இரட்டைப் பின்னல் போட்டு விடுவதற்குள் அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விடும், எனக்கு மீதி. ஆகவே வேலை கிடைத்ததும் முதல் வேலையாக மருதனார்மடச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு பியூட்டி பார்லரில் போய் ரீபொண்டிங் செய்துகொண்டேன். மருந்து பூசி, சூட்டுக் கருவியால் இழுத்து, முடியைத் தடி மாதிரி நேராக்கி விட்டார்கள். ஆறு வருசம் அப்படியே ஓடியது. முடி நேராகத்தான் இருந்தது, ஆனால் வெள்ளிக்கிழமை முழுகினால் குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டை அடைத்துக்கொள்ளும். ஒருநாள் உச்சியைத் தடவினேன். முடியைக் காணவில்லை, மண்டை தட்டுப்பட்டது. போதுமடா சாமி என்று அன்றைக்கே நிறுத்தினேன்.

நிறுத்துவது சுகம். வளர்ப்பதுதான் பெரிய பாடு. முளைத்து வந்தது என் சுருட்டை, நுனியில் தொங்கியது பழைய நேர்முடி. மேலே இடியப்பம், கீழே முற்றம் கூட்டுகிற தும்புத்தடி. நேரான பாதியை ஒரேயடியாக வெட்டிவிட எனக்குத் துணிவில்லை. அப்படியே கொண்டை போட்டு ஒளித்துக்கொண்டு ஒன்பது மாதம் திரிந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை கிளிநொச்சியில் நில அளவையாளர். சாதகம் பொருந்தி, ஆஞ்சநேயர் கோயிலில் வைத்து ஆளை ஆள் பார்த்து, இரண்டு பக்கமும் ஓம் சொல்லியாகிவிட்டது. கோயிலுக்கு நான் எண்ணெய் தேய்த்து இறுக்கிய கொண்டையோடு போனேன். அவர் கையில் இருந்த படமோ நேர்முடிக் காலத்தது. இப்போது அவர் வீடியோ கோல் எடுக்கத் தொடங்கினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அதை ஏன் ஒளிக்க வேண்டும்? காணி அளக்க நட்ட கொடியை மாடு சப்பித் தின்ற கதையை, மாட்டின் மேல் கோபமே இல்லாமல், சிரிக்கச் சிரிக்கச் சொன்ன மனுசன் அவர். போனை வைத்த பிறகும் என் வாய் காதுவரைக்கும் இருக்கும்.

அம்மாவுக்குத்தான் நெஞ்சிடி. "இந்தத் தலையோடை மணவறையிலை இருக்கப்போறியோ? நாளைக்கே போய் நேராக்கு."

"ஏலாது அம்மா. திரும்ப மருந்து வைச்சால் உள்ளதும் கொட்டிப்போகும்."

"அப்ப மொட்டையாப் போய் இரு!"

அப்பா வாயே திறக்கவில்லை. அவருடைய தலையில் இந்த விசயத்தில் கருத்துச் சொல்ல ஒரு முடிகூட மிச்சமில்லை.

நான் போனில் தேடித் தேடி ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆபிரிக்கப் பெண்கள் தங்கள் சுருட்டையை வளர்த்தெடுக்கும் காலத்தில், அதை மண்டையோடு ஒட்ட வரிவரியாகப் பின்னி, அந்தப் பின்னலின் மேல் வேறு முடியைத் தைத்துக்கொள்கிறார்கள். உள்ளே சொந்த முடி யாருடைய தொந்தரவும் இல்லாமல் வளரும், வெளியே வடிவான முடி தொங்கும். பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். அம்மா இரண்டு நாள் யோசித்து இறங்கி வந்தார், ஆனால் ஒரு கட்டளையோடு. "தாலி ஏறுமட்டும் மாப்பிள்ளை வீட்டுக்கு மூச்சுக் காட்டக் கூடாது. மொட்டைச்சியைத் தலையிலை கட்டப் பாத்தவை எண்டு ஊர் சிரிக்கும். விளங்குதே?" நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

தைத்தவள் அதே பார்லரில் வேலை செய்த மயிலிட்டிப் பெண். கடலுக்குப் போகிற குடும்பம். வளைந்த ஊசியைப் பார்த்து நான் பயந்தபோது அவள் சொன்னாள்: "பயப்பிடாதேங்கோ அக்கா. இது எங்கடை ஐயா வலையிலை போடுற முடிச்சு. சுறா இழுத்தாலும் அவிழாது." ஐந்து மணித்தியாலம் இருத்தி வைத்துப் பின்னினாள், தைத்தாள். இழுத்த இழுப்பில் என் புருவம் இரண்டும் மேலே ஏறி, நான் எந்நேரமும் எதையோ கேட்டு அதிசயப்படுகிறவள் மாதிரி ஆகிவிட்டேன். கண்ணாடியைக் காட்டினாள். ஐயோ! இடுப்புவரை முடி! தலையைத் திருப்பினால் அது ஒரு கணம் பிந்தி வந்து முதுகில் விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டியின் கண்ணாடியில் என்னையே பார்த்து, ஒரு மதகில் மோதப் பார்த்தேன்.

அம்மா வாசலிலேயே மறித்தார். "ஆருடைய தலைமயிரோ தெரியாது, துடக்கோ துப்பரவோ." மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் உள்ளே விட்டார். பிறகு அவரே பின்னால் வந்து அதைத் தூக்கிப் பார்த்து, "வடிவாத்தான் கிடக்கு" என்றார்.

ஒரேயொரு கரைச்சல்தான். முன்பக்கம் நெற்றியோரத்தில் தையலை மறைக்க என் சொந்த முடியில் ஒரு கீற்றை வெளியே விட்டிருந்தாள். காலையில் தண்ணீர் தொட்டு, கிளிப் குத்திப் படுக்க வைப்பேன். எங்களூர் உடுவிலில் பஸ் ஏறும்போது படுத்திருக்கும். யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது கொக்கி மாதிரி எழும்பி நிற்கும். அதைக்கூட நான் ரசித்தேன். என் சுருட்டை உள்ளே உயிரோடு இருக்கிறது, அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது என்று சந்தோசம்.

ஒரேயொரு கரைச்சல் என்றா சொன்னேன்? பொய். இரண்டாவதுதான் பெரியது. மூன்றாம் கிழமையிலிருந்து தலை கடிக்கத் தொடங்கியது. அரிப்பைத்தான் நாங்கள் கடி என்போம். சாதாரணக் கடியா அது! எறும்புப் புற்றைத் தலையில் கவிழ்த்த மாதிரி. விரல் விட்டுச் சொறிய இடமில்லை, சொறிந்தால் தையல் கிளம்பும். மயிலிட்டிக்காரிக்குப் போன் எடுத்தேன். "சொறியாதேங்கோ அக்கா. உள்ளங்கையாலை பட்டுப்பட்டெண்டு அடியுங்கோ, அடங்கும்."

அடித்தேன். அடங்கியது. அதன் சுகம் சொல்லி விளங்காது. பஸ்ஸில் அடித்தேன், அலுவலகத்தில் அடித்தேன், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அடித்தேன். அம்மா கத்தினார்: "என்ன கோதாரியடி இது, செத்தவீட்டிலை மாதிரி? கலியாணம் வைச்ச வீட்டிலை தலையிலை அடிக்கிறதே?" அம்மாவின் பேச்சு ஒரு காதால் வந்து மறு காதால் போனது. கை அதன்பாட்டில் மேலே போகப் பழகிவிட்டது.

ஒரு புதன்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையின் அம்மாவும் பெரியம்மாவும் கூறைச்சேலைக்கு நிறம் பார்க்க வந்தார்கள். கடையில் வாங்கிய துணித் துண்டுகளை மேசையில் பரப்பினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பேசாத மனுசி. பெரியம்மாவோ இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பார். நல்ல வெக்கை. எனக்குக் கடி தொடங்கிவிட்டது.

"எங்கடை தம்பி சரியான பொறுமை, பிள்ளை. கோவமே வராது" என்றார் பெரியம்மா.

பட்.

"கலியாணம் முடிய எங்கடை வீட்டிலைதானே இருப்பியள்?"

பட், பட்.

"அடுத்த வருசமே எங்கடை மடியிலை ஒரு பேரப்பிள்ளை கிடக்கவேணும்."

அந்த நேரம் பார்த்து உச்சியில் ஒரு கடி கடித்தது பாருங்கள். இரண்டு கையாலும் படபடவென்று அடித்தேன். கண் தானாக மூடிக்கொண்டது. "ஐயோ, அம்மா!" என்று வாயிலும் வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தால் பெரியம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. மாப்பிள்ளையின் அம்மா துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியில் கை வைக்காமல் எழும்பினார்கள். "பிள்ளையைக் கேட்டுத்தானே ஓம் சொன்னனீங்கள்?" என்று வாசலில் வைத்து என் அம்மாவிடம் மெல்லக் கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

அன்றிரவு கோல் வரவில்லை. வியாழன் நானே எடுத்தேன். "வேலையா நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார். பிறகும் எடுக்கவில்லை. மாடு கொடியைத் தின்றதற்குச் சிரித்த மனுசனின் குரல் காய்ந்துபோய் இருந்தது.

"அம்மா, நான் உண்மையைச் சொல்லப்போறன்."

"சொல்லிப் பார். விருப்பமில்லாதவள் எண்டு இப்ப நினைக்கினம். பிறகு தலைமயிரும் இல்லாதவள் எண்டு நினைப்பினம்."

வெள்ளிக்கிழமை முழுக்க இதே சண்டை. நான் அழுதேன். நடுவில் கடித்தது. அழுதுகொண்டே அடித்தேன். பார்க்கிறவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். அவர்தான். ஹோலில் கதிரை நுனியில் குந்தி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா குசினி வாசலில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார், வாயைத் திறக்காதே என்று.

"நான் சுத்தி வளைச்சுக் கதைக்கப்போறேல்லை" என்றார். "உங்களுக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ. உங்களிலை பழி வராமல், நானே வேண்டாமெண்டு சொன்னதா நிப்பாட்டிவிடுறன்."

அவர் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. இல்லை, விருப்பம்தான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு. அந்தக் கணத்தில், கடவுளே, தலை கடித்தது. என் கை மேலே போய்விட்டது. பட்.

அவர் என் கையைப் பார்த்தார். "பாத்தீங்களே" என்று எழும்பினார்.

"கடிக்குது!" என்று கத்தினேன்.

"ஆர்?"

"தலை!"

பிறகு நான் மூச்சே விடவில்லை. ரீபொண்டிங், கொட்டினது, பின்னினது, தைத்தது, மயிலிட்டி, உள்ளங்கை எல்லாவற்றையும் ஒரே இழுவையாகக் கொட்டினேன். குசினி வாசலில் "எடியேய்!" என்று ஒரு சத்தம் கேட்டு அடங்கியது.

"தைச்சதெண்டால், ஊசியாலையோ?"

"ஊசியாலைதான்."

"மண்டையிலையோ?"

"மண்டையிலை இல்லை, பின்னலிலை!"

அவர் நம்பவில்லை. "என்னை நோகப்பண்ணக் கூடாதெண்டு கதை கட்டாதேங்கோ" என்றார். எனக்கு வந்ததே கோபம். தையல் மெசின் லாச்சிக்குள் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நடு ஹோலில் நிலத்தில் இருந்தேன். கையை வளைத்துப் பின்தலையில் வெட்டப் போக, அம்மா ஓடிவந்து பறித்தார். "தள்ளு. மண்டையைக் குத்திச் சாகப்போறாய்."

ஏசி ஏசி அம்மாவே வெட்டினார். சுறா இழுத்தாலும் அவிழாத முடிச்சுகள், ஒவ்வொன்றாக. முடி வரிவரியாக நிலத்தில் விழ, எழும்பின மாப்பிள்ளை திரும்பக் குந்திக் காலை ஒதுக்கி ஒதுக்கிக் கதிரைக்கு மேலேயே தூக்கிவிட்டார். பிறகு பின்னல்களை அவிழ்த்தோம். பாதி சுருண்டு பாதி நேராக, எண்ணெயும் பொடுகுமாக என் சொந்தத் தலை வெளியே வந்தது. எனக்கு வெட்கப்பட நேரமே இல்லை. பத்து விரலையும் உள்ளே விட்டுச் சொறிந்தேன். ஸ்ஸ்ஸ். அந்தச் சுகத்தில் அவர் இருப்பதையே மறந்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைச் சட்டைக் கையால் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது. அது முழுக்கச் சிரிப்பில் வந்ததல்ல.

"நீர் என்னை வேண்டாமெண்டு சொல்லப்போறீர் எண்டு மூண்டு நாளா நான் ஒழுங்காச் சாப்பிடேல்லை, தெரியுமே?"

இவ்வளவு காலமும் 'நீங்கள், உங்கள்' என்று தள்ளி நின்று கதைத்தவர். எங்கள் பக்கத்தில் கட்டினவளைத்தான் ஆண்கள் அப்படி 'நீர்' என்பார்கள். அவர் தாலிக்கு முதலே சொல்லிவிட்டார். நான் இரண்டு கையும் தலைக்குள் இருக்க விக்கி விக்கி அழுதேன், சந்தோசத்தில்.

அம்மா கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழும்பினார். "தம்பி, காலமை அவிச்ச புட்டு இருக்கு" என்றார். அவர் மறுக்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்போடு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். மூன்றாம் தரம் கோப்பையை நீட்டும்போது, வாய் நிறையப் புட்டோடு என் தலையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "கலியாணத்தண்டைக்கும் உந்தத் தலையோடையே வாரும்" என்றார்.

அம்மா அவருடைய கோப்பையில் இன்னும் இரண்டு கை புட்டை அள்ளிப் போட்டார்.